ஸ்பெயின் சீஸ், சொன்னவர் கெவின்

டெக்சஸில், இர்விங்கில் நான் குடியிருந்த அபார்ட்மெண்டில் அவருக்கு எண்ணூறு ஆன்ட்டி என்று பெயர். வைத்தவன் நான்தான். இன்றைக்கு அதைச் சொல்ல நாக்கு கூசுகிறது. அன்றைக்கு அதைப் பெரிய நகைச்சுவையாக நினைத்து என் அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் நாலு பேரிடம் சொன்னான். பக்கத்து ஊரான காப்பெல் வரைக்கும் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. அவர் காதிலும் விழுந்திருக்கும். அவர் காதில் விழாமல் அந்த வட்டாரத்தில் எதுவும் நடந்ததில்லை.

பெயருக்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் பிஸ்கட் பாக்கெட்டோ தயிர் டப்பாவோ, எதை எடுத்தாலும் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு டெலிபோன் நம்பர் இருக்கும். 1-800 என்று ஆரம்பிக்கும். யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கலாம். தொண்ணூறுகளில் அங்கே வந்து இறங்கிய சைவக் குடும்பங்களுக்கு அந்த நம்பர்தான் துணை. லேபிளில் 'என்சைம்' என்று போட்டிருப்பான். எதிலிருந்து எடுத்தது என்று போடமாட்டான். சீஸ் செய்யப் பாலை உறையவைக்கிற பொருளுக்கு ரென்னட் என்று பெயர். கன்றுக்குட்டி, ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்தும் அதை எடுப்பார்கள், காளான் வகையிலிருந்தும் எடுப்பார்கள். இரண்டாவது என்றால் சாப்பிடலாம். முதலாவது என்றால் தொடக்கூடாது. எது என்று கம்பெனியைக் கேட்டால்தான் தெரியும்.

மற்றவர்கள் ஒன்றிரண்டு தடவை கேட்டுவிட்டு அலுத்துப்போய் விட்டுவிடுவார்கள். ஆன்ட்டி விடவில்லை. கணவரின் விசாவில் வந்தவர் என்பதால் அவர் வேலைக்குப் போக அனுமதி இல்லை. கணவர் காலையில் கிளம்பியதும் சமையலறைச் சுவரில் தொங்குகிற போனை எடுத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார். காத்திருக்கச் சொல்லி அவர்கள் போடுகிற இசை ஓடும்போதே கீரை ஆய்ந்து, வெங்காயம் உரித்து, ரசத்துக்கும் கரைத்துவிடுவார். நீளமான சுருள் ஒயர் அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவே அவர் பின்னாலேயே அலையும்.

பேசி முடித்ததும் ஒரு நோட்டில் எழுதுவார். சாமான், சாப்பிடலாமா கூடாதா, சொன்னவர் பெயர். இந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்து நான் பார்த்ததில்லை. மார்ஷ்மெல்லோ, கூடாது, சொன்னவர் டயான். தக்காளி சூப், சாப்பிடலாம், சொன்னவர் ரூத்.

"பேரெல்லாம் எதுக்கு ஆன்ட்டி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கோபில பால் சொசைட்டில மூணு வருசம் வேலை பாத்தனுங்க தம்பி. யார் ஊத்துன பாலுன்னு பேர் எழுதாம ஒரு சொட்டு வாங்க மாட்டோம். பேர் இருந்தாத்தானுங்க நாளைக்கு ஒண்ணுன்னா போயி கேக்க முடியும்."

என்னைவிட அவர் ஏழெட்டு வயதுதான் மூத்தவர். நான் மெட்ராஸ்காரன், யாரையும் 'வா, போ' என்றுதான் எனக்கு வரும். அவர் என்னை ஒருநாளும் 'ங்க' போடாமல் பேசியதில்லை.

அவரைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைத்திருந்த ஒன்று உண்டு. ஆசாரம் பிடித்தவர், எதையும் வேண்டாம் என்பதற்காகவே இத்தனை கேள்வி கேட்கிறார் என்று நினைத்தார்கள். உண்மை நேர்மாறு. அவருக்கு எல்லாவற்றையும் தின்று பார்க்கவேண்டும். கடையில் புதிதாக ஒரு டப்பாவைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும். "கேட்டுட்டா சாப்பிட்டுப் போடலாமுங்க" என்பார். கேள்வி அவருக்கு வேலி அல்ல, வாசல். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் மானம் போகிறது என்பதுதான். ஒரு சனிக்கிழமை அவர்கள் காரில் என்னையும் ஒரு மெக்சிகன் ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்கள். கவுண்டரில் நின்று வாங்குகிற ஓட்டல். மத்தியானக் கூட்டம். ஆன்ட்டி நின்று நிதானமாக, பீன்ஸில் பன்றிக் கொழுப்பு உண்டா, சாதம் வேகவைக்கிற தண்ணீரில் கோழிச் சாறு சேர்ப்பதுண்டா, சப்பாத்தி மாதிரி இருக்கிற அதை எந்த எண்ணெயில் பிசைகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் உள்ளே போய்ச் சமையல்காரரைக் கூட்டிவந்தாள். எங்களுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர் பெருமூச்சு விட்டார். இன்னொருவர் சிரித்தார். நான் இரண்டடி தள்ளி நின்று, சுவரில் இருந்த கள்ளிச்செடிப் படத்தை ஆராய்ச்சி செய்தேன். அவர்களோடு வந்தவன் இல்லை என்று தெரியட்டும் என்றே அப்படி நின்றேன்.

"தம்பி, உங்க பீன்ஸும் பிரச்சினை இல்லீங்களாமா!" என்று அங்கிருந்தே சந்தோஷமாகக் கத்தினார். சைவ வீட்டில் வளர்ந்த நான் ஆபீசில் கோழி தின்னத் தொடங்கி அதற்குள் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு அது தெரியாது.

இனி சீஸுக்கு வருகிறேன்.

லாஸ் கொலினாஸில் நான் வேலை பார்த்த இடத்தில் என் மேனேஜர் ஒரு டெக்சஸ்காரர். நல்ல மனிதர். இளவயதில் இரண்டு வருஷம் ஸ்பெயினில் இருந்தவர். மதியம் சாண்ட்விச்சைப் பிரிக்கும்போதெல்லாம் அதிலிருக்கும் மஞ்சள் சீஸைப் பார்த்து முகம் சுளித்து, ஸ்பெயினில் மான்சேகோ என்று ஒன்று உண்டு, ஆட்டுப்பாலில் செய்வது, ஒரு வருஷம் வைத்துப் பழுத்ததாக இருக்கவேண்டும், இந்த ஊரில் அது கிடைக்காது என்று சொல்வார். நான் அங்கே காண்ட்ராக்டில் இருந்தேன். என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டு கிரீன் கார்டுக்கு எழுதுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருந்தது. அவரையும் அவர் மனைவியையும் ஒரு ஞாயிறு மதியம் சாப்பிட அழைத்தேன். மேஜையில் அந்தச் சீஸ் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். என் மூளை அப்படித்தான் வேலை செய்தது.

சமையலுக்கு ஆன்ட்டியைத்தான் கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டு, விருந்தைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். சீஸ் சமாச்சாரத்தையும் சொன்னேன். நான் அதற்குள் மூன்று பெரிய கடைகளில் தேடியிருந்தேன். ஒரு கடையில் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். இன்னொன்றில் மெக்சிகன் சீஸைக் கொடுத்து இதுதான் என்றார்கள். மூன்றாவதில் அசல் மான்சேகோவே இருந்தது, ஆனால் மூன்று மாதப் பிஞ்சு. ரப்பர் மாதிரி வளைந்தது.

"நீங்க ஏனுங்க அலையறீங்க?" என்று ஆன்ட்டி டெலிபோன் புத்தகத்தின் மஞ்சள் பக்கங்களை விரித்தார். இரண்டு நாளில் பதினாலு கடைக்குப் போன் செய்தார். 'ஷீப்ஸ் மில்க், ட்வெல்வ் மன்த்ஸ், நாட் த்ரீ மன்த்ஸ்' என்று அவர் அழுத்திச் சொல்வது மாடிப்படி வரைக்கும் கேட்டது. கடைசியில் டாலஸில் ஒயினும் சீஸும் விற்கிற ஒரு சின்னக் கடையைப் பிடித்துவிட்டார். வியாழக்கிழமை ஒரு முழு வட்டு வருகிறது, ஒரு வருஷம் பழுத்தது.

"ஆனா இன்னும் வரலியாமுங்க. லேபிளைப் பாத்தாத்தான் ரென்னட் என்னன்னு சொல்ல முடியுமாம். வெளிநாட்டுச் சாமானு, எண்ணூறு நம்பரும் இருக்காது. வாங்கப் போறப்ப நீங்களே கேட்டுப்போடுங்க. சொன்னவங்க பேரையும் கேட்டுக்கோணும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "எனக்கும் தின்னு பாக்கோணும்னு ஆசையா இருக்குதுங்க. பால் சொசைட்டில இருந்தவ. ஒரு வருசம் கெடாம ஒரு பால் இருக்குதுன்னா பாக்க வேண்டாமுங்களா?"

சனிக்கிழமை டாலஸுக்குப் போனேன். குளிர்ச்சியான, பளபளப்பான கடை. எனக்கு முன்னால் முத்துமாலை போட்ட இரண்டு அம்மாள்கள். பின்னால் ஒயின் பாட்டிலோடு ஒரு கோட்டு சூட்டுக்காரர். வெள்ளை ஏப்ரன் கட்டிய கிழவர் ஒருவர் வட்டை எடுத்துக் காட்டினார். மேல்தோலில் பாய் முடைந்த மாதிரி தடம். ஒரு சீவல் சீவிக் கத்தி நுனியில் நீட்டினார். மொறமொறவென்று உதிர்ந்தது. முந்திரியும் உப்பும் நெய்யும் கலந்த ருசி. எப்படி, என்பது போலப் புருவத்தை உயர்த்தினார்.

கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி. வாய்வரைக்கும் வந்தது. அந்த மெக்சிகன் ஓட்டலும் தொப்பிக்காரரின் பெருமூச்சும் ஞாபகம் வந்தன. முத்துமாலைகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது. நானும் இந்த மாதிரிக் கடைகளில் வாங்குகிறவன்தான் என்று அந்த ஐந்து நிமிஷம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததை நானே கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அரை பவுண்டு கொடுங்கள் என்றேன். அவ்வளவுதான். கிழவர் பொறுமையானவர், கேட்டிருந்தால் லேபிளைத் திருப்பிப் பார்த்துச் சொல்லியிருப்பார்.

அபார்ட்மெண்டுக்குள் நுழையும்போதே ஆன்ட்டி கீழே நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டீங்களா தம்பி?"

"கேட்டேன் ஆன்ட்டி. வெஜிடேரியன் ரென்னட்தான். நோ ப்ராப்ளம்."

"யாருங்க சொன்னது?"

"கெவின்னு ஒருத்தர்."

முந்தின இரவு டிவியில் வானிலை சொன்னவர் பெயர் கெவின். அது எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஆன்ட்டி உள்ளே போய் நோட்டை எடுத்து, நிற்கும் நிலையிலேயே எழுதினார். ஸ்பெயின் சீஸ், ஒரு வருஷம், சாப்பிடலாம், சொன்னவர் கெவின். எழுதி முடித்த பிறகுதான் ஒரு துண்டு எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் மென்றார்.

"இதென்னங்க தம்பி, வெண்ணெய் காச்சுற வாசம் வருது!" என்றார். சிரிப்பில் அவர் முகம் சின்னப்பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது.

மேனேஜர் திடீரென்று வெளியூர் போகவேண்டி வந்து, விருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த ஒரு வாரம் எனக்கு வாய்ப்பாகவே கிடைத்தது. எந்த நாளும் கீழே இறங்கிப் போய், ஆன்ட்டி, நான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஆன்ட்டியோ தன்னிடம் வழக்கமாகச் சந்தேகம் கேட்கிற பன்னிரண்டு குடும்பங்களுக்கும் போன் போட்டுச் சொன்னார். அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் அவர் சொன்னால் அடுத்த பேச்சு கிடையாது. என்னதான் கேலி செய்தாலும், புது டப்பாவைத் திறக்குமுன் அவரைத்தான் கூப்பிடுவார்கள். காப்பெல்லில் இரண்டு வீட்டுக்காரர்கள் டாலஸுக்கே போய் வாங்கிவந்தார்கள். ஒருவர் வீட்டில் ஏகாதசி தவறாமல் பட்டினி கிடக்கிற மாமியார் ஊரிலிருந்து வந்து தங்கியிருந்தார். அவரும் சாப்பிட்டு நன்றாயிருக்கிறது என்றாராம். இதை ஆன்ட்டிதான் பெருமையாகச் சொன்னார். நான் 'அப்படியா' என்றேன்.

சீஸ் ஆன்ட்டி வீட்டு ஃபிரிட்ஜில்தான் இருந்தது. தினமும் ஒரு மெல்லிய துண்டு சாப்பிட்டார். ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தோடு சேர்த்துத் தின்றால் இன்னும் நன்றாக இருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார்.

ஞாயிறு மதியம் மேனேஜரும் அவர் மனைவியும் வந்தார்கள். சீஸைப் பார்த்ததும் மேனேஜர் கை நேராக அதற்குத்தான் போனது. ஒரு துண்டை வாயில் போட்டு, இருபது வருஷம் ஆகிவிட்டது என்று மெதுவாகச் சொன்னார். இதைத் தேடிப் பிடித்தது யார் என்று கேட்டார். நான் தேடினேன் என்றேன். ஆன்ட்டி பக்கத்தில் நின்று அப்பளம் பரிமாறிக்கொண்டிருந்தார். என் தட்டிலும் ஒன்று வைத்தார்.

வெல்லத்தை மேனேஜர் தட்டில் வைத்து, சேர்த்துச் சாப்பிடச் சொன்னார் ஆன்ட்டி. மேனேஜர் மேஜையைத் தட்டினார். ஸ்பெயினிலும் இதை ஒரு இனிப்புப் பழப்பசையோடுதான் சாப்பிடுவார்கள், உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். ஆன்ட்டிக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை. தானும் ஒரு துண்டும் வெல்லமும் எடுத்துக்கொண்டார். மேனேஜர் உற்சாகமாகிவிட்டார். தான் தங்கியிருந்த கிராமத்தில் இதைச் செய்வதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கினார். ஆட்டுக்குட்டியின் வயிற்றை உலர்த்தித் தொங்கவிட்டிருப்பார்கள், அதிலிருந்துதான் பாலை உறையவைப்பார்கள், அசல் மான்சேகோவுக்கு இந்த ருசி வருவதே அதனால்தான் என்றார்.

ஆன்ட்டி கையிலிருந்த துண்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். போடவில்லை, வைத்தார்.

"எக்ஸ்க்யூஸ் மீ சார். லேம்ப் ஸ்டமக்?"

மேனேஜருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று புரிந்தது. சிரிப்பு போய்விட்டது. நீங்கள் சைவம் அல்லவா, இவன் கடையில் கேட்டிருப்பானே என்று என் பக்கம் திரும்பினார். கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆன்ட்டியின் கணவர், எப்போதும் பேசாதவர், அவரும் பார்த்தார். என் வாயில் சோறு இருந்தது. அதை மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"நோ ப்ராப்ளம் சார்," என்றார் ஆன்ட்டி. "ஐ ஜஸ்ட் லைக் டு நோ." பிறகு அவருக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊற்றினார். உள்ளே போய்க் குழாயைத் திறந்து வாய் கொப்பளிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து மோர் பரிமாறினார்.

வேலை கிடைத்தது. கிரீன் கார்டும் பிறகு வந்தது. இன்று என் வீட்டுக்குப் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிற கடையிலேயே மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வகைவகையாக மான்சேகோ அடுக்கியிருக்கிறார்கள். எந்த ரென்னட் என்றுகூடச் சிலதில் அச்சடித்திருக்கிறது. அந்த அலமாரியைத் தாண்டும்போது நான் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். ஆன்ட்டி குடும்பம் மறுவருஷமே நியூ ஜெர்சிக்கு மாறிப்போனது. அவர்கள் கிளம்பிய அன்று எனக்கு ஆபீசில் வேலை இருப்பதாகச் சொல்லி வழியனுப்பக்கூடப் போகவில்லை. ஆபீசில் வேலை ஒன்றும் இல்லை.

அதற்கெல்லாம் முன்னால், விருந்து முடிந்த மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசுக்குப் போன் வந்தது. ஆன்ட்டிதான். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"தம்பி, எல்லா வீட்டுக்கும் சொல்லிட்டு இருக்கறனுங்க. அந்த ஸ்பெயின் சீஸ் வேண்டாமுங்க. நம்ம லிஸ்டுல அடிச்சுட்டேன். நாந்தான் சரியா விசாரிக்காம எழுதிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

எல்லா வீட்டுக்கும் சொன்ன அதே வார்த்தைகள் என்று புரிந்தது. என்னையும் அந்த வீடுகளில் ஒன்றாகவே வைத்துச் சொன்னார்.

"அந்தக் கடைக்கும் கூப்புட்டனுங்க," என்றார், கொஞ்சம் நிறுத்தி. "கெவின்னு அங்க யாருமே வேலை பாக்கலீங்களாமா."

அவர் காத்திருந்தார். குக்கர் ஒருமுறை விசில் அடித்து ஓய்ந்தது. அந்த நேரம் எனக்காக விடப்பட்ட நேரம் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு வாக்கியம் போதும். எதிரே யாருமில்லை, முத்துமாலைகளும் இல்லை, மேனேஜரும் இல்லை. நான் மேஜைமேல் இருந்த பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் பேரைத் தப்பா எழுதிக்கிட்டேனாட்ட இருக்குதுங்க," என்றார் ஆன்ட்டி. "சரி, வெக்கறனுங்க தம்பி. இன்னும் ஒம்பது வீட்டுக்குச் சொல்லோணும்."

"சரி ஆன்ட்டி," என்றேன்.